மொட்டை வெயிலுக்குக் காதுகுத்து

எனக்கு இரண்டாவதாகப் பிறந்தது ஒரு ஸ்டுடியோ ஆல்பம். ப்ளூஸ் ராக் இசைத்தட்டு. சுமாரான ஆல்பம்தான்.

முதலில் பிறந்தது பெண். கனிஷ்கா என்று பெயர், ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். இரண்டாவது உண்டானபோது ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையைத் தங்கள் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். ஆணா, பெண்ணா, ஆல்பமா என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது சட்டம். சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆனாலும் எனக்கு ஒரு மாதிரி தெரிந்துதான் இருந்தது. கனிஷ்கா வயிற்றில் இருந்தபோது நினைத்த நேரத்தில் உதைத்தாள். இது அப்படி இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மெதுவாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உதைக்கும்.

சுகப்பிரசவம். நர்சம்மா துடைத்துத் தூக்கிக் காட்டி, "ஆல்பம் பொறந்திருக்குதும்மா" என்றார்கள். என் மாமியார் பாவாயி கதவோரமாக நின்றிருந்தார்கள்.

"கச்சேரில எடுத்ததுங்களா, ஸ்டுடியோவுல எடுத்ததுங்களா?"

"ஸ்டுடியோதான்."

அத்தை மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டார்கள். என் நாத்தனாருக்குப் பிறந்தது கச்சேரியில் எடுத்தது. ஆட்கள் இருமுவதெல்லாம் அதில் கேட்கும். எத்தனையோ வைத்தியம் பார்த்தும் அந்த இருமல் நிற்கவில்லை.

எங்களுடையது உறையோடு பிறந்தது. உறையில் மூடிக் கிடக்கிற ஒரு பெட்ரோல் பங்கின் முன்னால் நாலு ஆண்கள் நின்றார்கள். என் வீட்டுக்காரர் அர்த்தநாரி வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். கையில் கிரீஸ் இருந்ததால் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"யார்றா இவுங்க நாலு பேரும்?" என்று அத்தை கேட்டார்கள்.

"குழும்மா. வாசிக்கறவங்க."

"ஒருத்தனாவது தலையச் சீவியிருக்கலாம்" என்றார்கள் அத்தை.

நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளில் 'மொட்டை வெயில்' என்று பெயர் போட்டிருந்தது. அதற்குக் கீழே குழுவின் பெயர், 'ஈரச் சாக்கு'. அதனால் நாங்கள் பெயர் தேட வேண்டிய வேலை இல்லாமல் போனது. அத்தை தன் மாமனார் பெயரை எடுத்து வைத்திருந்தார்கள். அதை அடுத்ததற்கு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

நடுவில் ஓட்டை இல்லை. எந்த ஆல்பமும் பிறக்கும்போது ஓட்டையோடு பிறப்பதில்லை. தாய்மாமன் மடியில் வைத்து ஆசாரி குத்தினால்தான் உண்டு. அதுவரைக்கும் யாரும் அதை ஓடவிட்டுக் கேட்க முடியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "தாய் அமைதி மட்டும் குடுங்க. ஆறு மாசத்துக்கு வேற எதுவும் வேண்டாம்" என்றார்கள்.

ஆல்பம் குடிப்பது அமைதியை. சிலருக்கு அது சரியாக ஊறாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு ஒரு சின்ன ஆல்பம், மூன்றே பாட்டுதான். அதற்கே பத்தாமல் அழுதது. அந்தப் பெண் போனிலேயே இருந்தாள், பாவம்.

எனக்கு ஊறியது. சின்னதிலிருந்தே என்னை வாயில்லாப் பூச்சி என்பார்கள். கல்யாணமான புதிதில், சோறு போதுமா என்று கேட்டால்கூட நான் தட்டைத்தான் நகர்த்துவேன். "வாயைத் தொறந்து சொன்னா முத்தா உதுந்துரும்?" என்று அத்தை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார்கள். ஆள் வந்தால் நான் சமையல்கட்டுக்குள் போய்விடுவேன். சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். அத்தனையும் இப்போது பயன்பட்டது. ஆல்பத்தை நெஞ்சின் மேல் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன். எங்கள் வீடு லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையை ஒட்டியது. அந்தப் பக்கம் தகரத்தை அடித்துக்கொண்டே இருப்பார்கள். வெல்டிங் பொறி ஜன்னலில் தெரியும். அதுபாட்டுக்கு அது, என் அமைதிபாட்டுக்கு என் அமைதி. வயிறு நிறைந்தால் பேஸ் கிதார் அடித்தொண்டையில் ஓர் ஏப்பம் விடும்.

"ஏதோ ஊறுது" என்றார்கள் அத்தை. அதற்கு மேல் அவர்கள் சொல்லமாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் குழந்தை பார்க்க வருகிறவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கண் பட்டுவிடும். பிரியம் இருக்கிற அளவுக்குக் குறை சொல்லிவிட்டுப் போவார்கள். மாவு மில்லுக்கார அக்கா வந்து தூக்கிப் பார்த்தார்கள். 

"என்ன அம்மிணி, சப்பையாப் பொறந்திருக்குது."

"ஆமாங்க்கா."

"கருகருன்னு வேற இருக்குது."

"ஆமாங்க்கா."

வாசலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து இன்னொரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

பெற்றவள் கண்தான் முதலில் படும் என்பது அத்தையின் கணக்கு. அதனால் நான் அதை அதிக நேரம் பார்க்கக் கூடாது. ஓரத்தில் ஒரு மைப்பொட்டு வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஆனால் நெஞ்சில் வைத்திருக்கிறவளுக்குக் கேட்காமல் இருக்குமா? ஒன்பது பாட்டும் உள்ளே ஓடும். எலும்பு வழியாகக் கேட்கும். மாதக்கணக்கில் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். வேலைக்கு நடுவில் என் வீட்டுக்காரர் வந்து, "எப்படி இருக்குது?" என்று கேட்பார்.

"சுமாருங்க மாமா."

"சுமாரா?"

"நெம்பச் சுமாருங்க."

அவர் முகம் மலர்ந்துவிடும். விசில் அடித்துக்கொண்டே பட்டறைக்குப் போவார்.

போலியோ சொட்டு மருந்து போடுகிறவர்கள் வந்தபோது கனிஷ்காவுக்கு வாயில் விட்டார்கள். தம்பிக்கு இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு சொட்டு விட்டு ஓரத்தில் மை வைத்தார்கள். நன்றாக வளர்ந்தது. ஆறு மாதம் முடிந்ததும் காதுகுத்து வைத்தோம்.

என் அண்ணன் பூபதி போர்வெல் வண்டியில் வேலை. சத்தீஸ்கரிலோ எங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தவர், லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார். சீர் கொண்டுவந்தார். பழத் தட்டு, பூத் தட்டு, வெள்ளிக் கொலுசுக்குப் பதிலாக ஒரு ரெக்கார்ட் பிளேயர், பட்டுத் துணி போர்த்தி இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. முன்னால் மேளம் அடித்துக்கொண்டு வந்தவர்கள் எங்கள் வாசலில் அடியை மாற்றிக்கொண்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மெதுவாக. யாரும் சொல்லித் தரவில்லை.

அண்ணன் மடியில் ஆல்பத்தை வைத்தார்கள். ஆசாரி சந்தனத்தால் நடுவில் புள்ளி வைத்துப் பார்த்து, கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி வைத்து, முதல் புள்ளியிலேயே குத்தினார். ஒரே ஒரு கிதார் வீறிட்டது. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"அவ்வளவுதான் சாமி, அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு" என்று அண்ணன் தட்டிக் கொடுத்தார். அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது.

பிறகு ஓடவிட்டார்கள்.

பந்தலில் பேச்சு நின்றது. பந்தியில் கூட்டைப் பிசைந்த கைகள் அப்படியே நின்றன. பட்டறை முதலாளி செங்கோடன் ஐயா நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பக்கம் முடிந்து அண்ணன் திருப்பிப் போட்டபோது, வெயிலில் நின்றிருந்தவர்கள்கூட நிழலுக்கு வரவில்லை. ஒன்பதாவது பாட்டு முடிந்தது.  நான் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செங்கோடன் ஐயாதான் முதலில் எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காது குடுத்துக் கேக்க முடியலைங்க" என்றார்.

"இதுக்குப் போயி சீர் வேற" என்றார்கள் மில்லுக்கார அக்கா. மூக்கு சிவந்திருந்தது.

"பாடறவன் தொண்டையில என்னங்க, கரட்டாண்டியா கெடக்குது?" என்றார் ஓர் ஆள். கரட்டாண்டி என்றால் ஓணான்.

"இன்னொருக்காப் போடச் சொல்லுங்க. எத்தனை மோசம்னு சரியாப் பாக்கோணும்."

நாலு தரம் போடச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டுக் கேட்டுத் திட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எங்கள் தெருவில் எந்தக் குழந்தையையும் அத்தனை பேர் சேர்ந்து அத்தனை குறை சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றைக்கு ரெக்ஸ் என்று ஒருவரும் வந்திருந்தார். ஆல்பங்களைக் கேட்டுப் பத்திரிகையில் எழுதுகிறவர், சென்னை. அண்ணன் ரயிலில் சிநேகம் பிடித்து அழைத்து வந்திருந்தார். கூச்ச சுபாவம் போல. முன்னால் வந்து உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்று பின்னால் அண்டா கழுவுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அங்கே பாட்டு அவ்வளவாகக் கேட்காது. கை கழுவ வருகிறவர்கள் பேசுவதுதான் கேட்கும். அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

ரெக்ஸ் எழுதியது அந்த மாதமே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சத்தமாகப் படித்தார், நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டோம்.

"'ஈரச் சாக்கு குழுவின் மொட்டை வெயில், அது பிறந்த தெருவிலேயே ஒருவருக்கும் பிடிக்கவில்லை. காது கொடுத்துக் கேட்க முடியவில்லை என்கிறார் ஒரு தொழிலதிபர்.'"

"நாந்தான் அது" என்றார் செங்கோடன் ஐயா.

"'பாடகரின் தொண்டையில் ஓணான் இருப்பதாக ஊரில் ஒரு கருத்து நிலவுகிறது.'"

"நல்லா எழுதியிருக்கறாரு" என்றார்கள் அத்தை. "இனி எந்தக் கண்ணும் அண்டாது."

அந்தப் பக்கத்தை அவர் கண்ணாடி போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுக்கும் முன்னால் அதைக் காட்டினோம். கனிஷ்கா பள்ளிக்கூடத்தில் தன் தம்பியைப் பத்திரிகையில் திட்டியிருக்கிறது என்று சொல்லி, டீச்சரிடம் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

எல்லாரும் படிக்கிற பத்திரிகை. அந்த நாலு பேரும் படித்திருக்கிறார்கள்.

ஒரு நாள் உச்சிப்பொழுதில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நான் ஆல்பத்துக்கு அமைதி கொடுத்துக்கொண்டிருந்தேன். காதுகுத்துக்குப் பிறகும் மத்தியானத்தில் ஒரு வேளை கேட்கும், நானும் நிறுத்தவில்லை. வேனிலிருந்து இறங்கினவர்களைப் பார்த்தேன். பக்கத்தில் கிடந்த உறையை எடுத்துப் பார்த்தேன். அதில் பெட்ரோல் பங்கு மட்டும் இருந்தது.

பட்டறையிலிருந்து அவரைக் கூட்டி வரச் சொல்லி கனிஷ்காவை அனுப்பினேன். அவர் வந்து நாலு பேருக்கும் பாய் விரித்தார். நான் டீ வைத்துக் கொடுத்துவிட்டு, ஆல்பத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையல்கட்டு நிலையோரமாக நின்றுகொண்டேன். பாடுகிறவர் பெயர் டெரன்ஸ். நல்ல உயரம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தார். சுவரில் கண்ணாடிக்குள் அந்தப் பக்கம் மாட்டியிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க பிரதர். பேப்பர்ல பார்த்தோம். உங்களுக்கே புடிக்கலைன்னா அப்புறம் அது எதுக்கு உங்க வீட்ல பாரமா? எடுத்துட்டுப் போயிடறோம்."

"எங்கீங்க?"

"ஸ்டுடியோக்குதான். உருக்கிட்டு திருப்பி எடுக்கலாம்னு இருக்கோம். ஊர் ஒத்துக்காத ஆல்பத்த குழு திருப்பி வாங்கிக்கலாம்னு ரூல் இருக்கு. அதுக்கு வலிக்காது. சூடு பண்ணா கூழ் மாதிரி ஆயிடும், அவ்ளோதான்."

ட்ரம்ஸ் வாசிப்பவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

என் வீட்டுக்காரர் அத்தையைப் பார்த்தார். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. வேற்றூர் ஆட்கள், அதுவும் எடுத்துக்கொண்டு போக வந்த ஆட்கள். இவர்கள் முன்னால் நல்லது என்று ஒரு சொல் வாயில் வந்தால் என்ன ஆகும்? பதறிப்போய், இருக்கிற காவலையெல்லாம் போட ஆரம்பித்தார்கள்.

"ஒண்ணுத்துக்கும் ஆகாதுங்க அது. ஒரு பாட்டுக்கூட உருப்படி இல்லீங்க."

டெரன்ஸ் தலையாட்டினார். "தெரியும்மா."

வேனைப் பார்த்துவிட்டு மில்லுக்கார அக்கா வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் தூணைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அதையுங் கேப்பாங்களா மனுசங்க" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

செங்கோடன் ஐயா சுத்தியலோடு வந்து நின்றார். பட்டறையே பின்னால் நின்றது.

"நான் அன்னைக்கே சொன்னனுங்க. காது குடுத்துக் கேக்க முடியலை. இன்னைக்கும் அதேதான் சொல்றேன். கழுத்தை அறுத்தாலும் வேற சொல்லமாட்டேன்."

ஜன்னலில், வாசலில், மதிலுக்கு அந்தப் பக்கத்தில், தெருவே கூடிவிட்டது. ஆளுக்கு ஒன்றாகத் திட்டினார்கள். விட்டுக் கொடுக்க மாட்டோம் என்கிற மாதிரி திட்டினார்கள். ஒவ்வொரு திட்டுக்கும் அந்த நாலு பேரின் தலையும் இன்னும் கொஞ்சம் குனிந்தது.

டெரன்ஸ் எழுந்து என்னிடம் வந்தார். கையை நீட்டினார்.

"குடுங்க சிஸ்டர்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர், என்ன செய்வது என்று தெரியாமல் கையில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். டெரன்ஸ் என் இடுப்பிலிருந்து ஆல்பத்தை மெதுவாக எடுத்தார். எடுக்கத் தெரிந்த கை. ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தார். உறைக்குள் போட்டார். என் இடுப்பு அது இருந்த இடத்தில் சில்லென்று ஆனது.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

அத்தை, "அம்மிணி" என்றார்கள். பேசாதே என்று அர்த்தம்.

"நல்லா இருக்குதுங்க. மொதப் பாட்டுல ட்ரம்ஸ் நடந்து வருது. ஓடி வரலை. வேலை முடிஞ்சு சட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு வர்ற ஆளாட்டம் வருது. எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் வருவாருங்க. அந்தச் சத்தங் கேட்டாத்தான் நான் சோத்தை எறக்குவேன்."

ட்ரம்ஸ் வாசிப்பவர் கைக்குட்டையை மடியில் வைத்தார்.

"மூணாவது பாட்டுல கிதாரு லோடு லாரி சங்ககிரி மேட்டுல ஏர்ற மாதிரி ஏறுதுங்க. நின்னுரும் நின்னுரும்னு இருக்கும். நிக்காது. அதைக் கேட்டுப்போட்டுத்தான் நான் தண்ணிக் கொடத்தைத் தூக்கறது."

 இத்தனை பேர் முன்னால் நான் பேசுவது அதுதான் முதல் தரம். ஆனாலும் வந்துகொண்டே இருந்தது.

"நாலாவது பாட்டுல பாடறதுக்கு முன்னால நீங்க கொஞ்ச நேரம் சும்மா நிக்கறீங்க. மூச்சு மட்டுந்தான் கேக்குது. சொல்லலாமா வேண்டாமான்னு வாசப்படியில நிக்கறாப்பல. எனக்கு அந்த எடம் தெரியுமுங்க. நான் பொறந்ததுல இருந்து அங்கதான் நிக்கறேன். அதையும் பாட்டுல வெப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. ஒம்போது பாட்டுல தள்ளறதுக்கு ஒண்ணு இல்லீங்க. எம்புள்ளை நல்ல புள்ளை. உருக்காதீங்க."

உறைக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அத்தை கண்ணை மூடிக்கொண்டார்கள். கண் பட்டுவிட்டது. என் கண்தான்.

என் வீட்டுக்காரர் ஆல்பத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நாலாவது பாட்டின் மேல் கீரை நரம்பு மாதிரி ஒரு கீறல். ஓடவிட்டார். முதல் மூன்று பாட்டும் ஒழுங்காகப் போயின. நாலாவதில் மூச்சு கேட்டது, டெரன்ஸ் பாட ஆரம்பித்தார், 'கதவு தொறந்துதான் இருக்கு' என்ற வரி வந்தது. கீறலில் இடித்துத் திரும்பவும் அதே வரி. கதவு தொறந்துதான் இருக்கு. கதவு தொறந்துதான் இருக்கு. டீ ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் அதுவே ஓடியது. யாரும் போய் ஊசியைத் தூக்கவில்லை.

டெரன்ஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வரிய இத்தனை தடவை பாடணும்னுதான் நெனைச்சேன் சிஸ்டர். ஸ்டுடியோல டைம் முடிஞ்சுதுன்னு லைட்ட ஆஃப் பண்ணிட்டாங்க."

"சரி, பட்டது பட்டுப்போச்சு" என்றார்கள் அத்தை. "இனி என்ன மறைக்கறது. எனக்கு ஆறாவது பாட்டுன்னா உசுருங்க." சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவ்வளவுதான், தெரு திறந்துகொண்டது. காதுகுத்துக்குப் பிறகு மூன்று நாள் தன்னால் சுத்தியலைத் தூக்க முடியவில்லை என்றார் செங்கோடன் ஐயா, அடிக்கிற அடியெல்லாம் அந்த ட்ரம்ஸுக்கு முன்னால் பொய்யாகத் தெரிந்ததாம். மில்லுக்கார அக்கா எட்டாவது பாட்டை முழுதாகப் பாடியே காட்டினார்கள். தொண்டையில் ஓணான் இருக்கிறது என்று சொன்ன ஆள் வந்து டெரன்ஸின் தொண்டையைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறி, சுவரிலிருந்து அந்தப் பக்கத்தைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் மாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்று பார்த்தது போலப் பார்த்தார்.

நாலு பேரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். சாப்பிட உட்காரும் முன்னால் அத்தை சீப்பும் எண்ணெயும் எடுத்துக் கொடுத்தார்கள். வேன் கிளம்பின பிறகு உறையை எடுத்துப் பார்த்தேன். பெட்ரோல் பங்கின் முன்னால் நாலு பேரும் நின்றார்கள். படிய வாரிய தலை. டெரன்ஸ் கையில் அத்தை கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலம் இருந்தது.

நல்ல ஆல்பம். இனி அப்படியே எழுதலாம்.

மறுநாள் மத்தியானம் ஆல்பத்தை நெஞ்சில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என்னிடம் அமைதி வற்றிவிட்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் பேசினதில் எல்லாம் போய்விட்டது. உட்கார்ந்தால் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. பால்காரரிடம், தண்ணி நிறைய இருக்கிறது என்று நானே சொன்னேன். அவர் திகைக்காமல் மறுநாள் நல்ல பாலாக ஊற்றினார்.

"மறக்கடிச்சிரலாம் அம்மிணி, வயசாச்சு" என்றார்கள் அத்தை. "சோறு பழக்கு."

அமைதியை மறந்த ஆல்பத்துக்குச் சோறு கைதட்டல். முதல் வாய் கனிஷ்கா ஊட்டினாள். சின்னக் கை, சின்னத் தட்டல், மெதுவாக. அது ருசி பார்த்துவிட்டு இன்னும் கேட்டது. பிறகு நான், அவர், அத்தை என்று முறை போட்டுக்கொண்டோம். பட்டறை ஆட்கள் சாப்பாட்டு இடைவேளையில் வந்து தட்டிவிட்டுப் போவார்கள். மில்லில் மாவுக்கு நிற்கிறவர்கள் வெள்ளைக் கையோடு ஜன்னல் பக்கம் வந்து தட்டுவார்கள், புகையாக எழும். நாலாவது பாட்டில் அந்த வரி வந்தால் நிறுத்தாமல் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாப்பிடாது. வளர்கிற பிள்ளை. எவ்வளவு தட்டினாலும் பத்தவில்லை. என் உள்ளங்கை காய்த்துப்போனது. அவர் ராத்திரி ஷிப்டுக்கு முன்னால் தட்டுவார், வந்ததும் தட்டுவார். ஒரு குடும்பம் எத்தனைதான் தட்டும் என்று ஒரு நாள் அவரிடம் வாய்விட்டே கேட்டேன்.

இப்போது எனக்கு ஐந்தாம் மாதம்.

போன வாரம் ஸ்கேன். டாக்டரம்மா திரையைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள், சட்டப்படி. வயிற்றில் கருவியை வைத்தவுடன் உள்ளே முதலில் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒருவர், முன்னால் உட்காருங்க, மறைக்குது என்றார். பிறகு பாட்டே இல்லாமல் கைதட்டல் மட்டும். அறையில் இருந்த பஞ்சு உருண்டைகள் தட்டோடு நடுங்கின. டாக்டரம்மா தட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாடகைப் பாத்திரக் கடைக்குப் போனார், பிளாஸ்டிக் நாற்காலி எத்தனை கிடைக்கும் என்று விசாரிக்க. பந்தல்காரரையும் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். நான் ஆல்பத்தை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்தேன். உள்ளேயிருந்து தட்டினார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அது பேஸ் கிதாரில் ஓர் ஏப்பம் விட்டது.

அத்தை வந்து என் வயிற்றில் காதை வைத்தார்கள். வெகுநேரம் வைத்திருந்தார்கள். எழுந்தபோது அவர்கள் கன்னம் ஈரமாக இருந்தது.

"பெருசாக் கூட்டமெல்லாம் ஒண்ணும் இல்லை அம்மிணி" என்றார்கள்.